இத்தாலி போற ஜோடிங்களுக்கு: மொத மூணு நாளும் நம்ம ஊரு நேரத்துலயே இருங்க

ரோம்ல எறங்கின அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை வாசல்ல நின்னு நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டோம். கல்யாணமாகி பன்னெண்டு வருஷம், பிள்ளைங்கள கோலாலம்பூர் செந்தூல்ல எங்கம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு பேரு மட்டும் தனியா கெளம்பின மொத பயணம், அதுல மொத ராத்திரியே இப்படி. எந்தக் கடையில சாப்பிடறதுன்னு ஆரம்பிச்சி எங்கெங்கயோ போயி கடைசியில சாப்பிடாமலே ரூமுக்கு வந்து படுத்துட்டோம். விடியக்காத்தால மூணரைக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணா முழிப்பு வந்துச்சி, அப்பத்தான் அவரு போன்ல மலேசியா மணிய பாத்துட்டு, "இங்க எட்டுன்னா அங்க ராத்திரி ரெண்டு மணி மா, ரெண்டு மணிக்கு யாரு கூட பேசினாலும் சண்டைதான் வரும்"னாரு.

அதுக்கப்புறம் எங்க பிளான மொத்தமா மாத்திட்டோம், மீதி நாளெல்லாம் ரொம்ப நல்லா போச்சி. அதனாலதான் இத எழுதறேன். எல்லாரும் போன ஒடனே அந்த ஊரு நேரத்துக்கு மாறிடுங்கன்னு சொல்வாங்க, நான் அதுக்கு நேர்மாறா சொல்றேன், மொத மூணு நாளு மாறாதீங்க, ஒடம்பு எந்த மணியில இருக்கோ அதுக்கேத்த மாதிரி நாளைப் போட்டுக்குங்க.

கணக்கு ஈஸிதான். மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் இத்தாலி நமக்கு 6 மணி நேரம் பின்னால, மத்த மாசத்துல 7 மணி நேரம். நாங்க போனது மே கடைசியில. அப்போ அங்க விடியக்காத்தால 4 மணின்னா ஒடம்புக்கு காலை 10, ஃபிரெஷ்ஷா இருக்கும். அங்க மத்தியானம் 12:30ன்னா நமக்கு சாயங்காலம் 6:30, நல்லா பசிக்கும். அங்க சாப்பாட்டுக் கடைங்க ராத்திரிக்கு தொறக்கறதே பெரும்பாலும் 7:30க்கு மேலதான், அது நமக்கு நடுராத்திரி ஒண்ணரை. அதாவது பெரிய சாப்பாட மத்தியானத்துல வச்சிக்கணும், ராத்திரிக்கு கடை தேடி அலையவே கூடாது, விடியக்காத்தாலதான் ஊரு சுத்தணும். இந்த ஒண்ண மட்டும் பிடிச்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா சரியா வரும்.

கெளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத மொதல்ல சொல்லிடறேன். மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 180 நாளுக்குள்ள 90 நாளு இருக்கலாம், அது இத்தாலிக்கு மட்டும் இல்ல, ஷெங்கன்னு ஒரே விசா முறையில இருக்கற ஐரோப்பா நாடுங்க எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. 2025 அக்டோபர் 12லேர்ந்து எல்லையில கைரேகையும் முகப் படமும் எடுக்கற புது முறைய கொண்டு வந்துட்டாங்க, அதனால எறங்கின ஒடனே ஒரு மணி நேரத்துல ரயிலு புக் பண்ணாதீங்க, டைம் விட்டு வைங்க.

சாப்பாட்டுச் சாமான் கொண்டு போறவங்க கவனிங்க, ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து போறப்போ இறைச்சியும் பால் சாமானும் பெட்டியில இருக்கக் கூடாது. ஆட்டிறைச்சி ஊறுகாய், செருண்டிங்னு சொல்ற காஞ்ச இறைச்சித் தூள், நெய், பால்கோவா எல்லாம் வீட்டுலயே விட்டுடுங்க. கறிவேப்பிலையும் வேண்டாம், பச்சையா இருக்கற இலை தழைக்கெல்லாம் சர்டிபிகேட் கேப்பாங்க. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், நெத்திலி சம்பல் பாட்டில் இதெல்லாம் நாங்க கொண்டு போனோம், ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா பாட்டில ரெண்டு பிளாஸ்டிக் பை போட்டு கட்டி பெரிய பெட்டியில வைங்க. பிளக் நம்மளுது மூணு கட்டைக் காலு, அங்க உருண்டை ஓட்டை, அடாப்டர் ரெண்டு வாங்கிக்குங்க, ஏன்னா ஒண்ணு இருந்தா யாரு போன மொதல்ல சார்ஜ் போடறதுன்னு வரும்.

நகை. பெண்கள் யாரும் இத லேசா எடுத்துக்காதீங்க. நான் கனமான தாலிச் சங்கிலிய வீட்டுலயே வச்சிட்டு, தாலிய மெல்லிசான ஒரு செயின்ல கோத்து சட்டைக்கு உள்ள போட்டுக்கிட்டேன். மாமியாரு மொதல்ல மொகம் சுளிச்சாங்க, அப்புறம் அவுங்களே கோத்து குடுத்தாங்க. வளையல் ஒண்ணு போதும்.

கொலோசியம் டிக்கெட் அதிகாரபூர்வ வெப்சைட்ல 30 நாளு முன்னாடி விடறாங்க, 18 யூரோ, சீக்கிரமே முடிஞ்சிடும், டிக்கெட்ல பேரு இருக்கும், பாஸ்போர்ட் பேரோட ஒத்துப் போகணும். நம்ம பேரெல்லாம் பாஸ்போர்ட்ல அப்பா பேரோட நீட்டமா இருக்கும் இல்லையா, ஏ/பி (மகள்), ஏ/எல் (மகன்) போட்டு, அத எப்படி இருக்கோ அப்படியே அடிங்க, அந்தக் கோடு ஏறலன்னா கோட மட்டும் விட்டுட்டு எழுத்தெல்லாம் அடிங்க. ஸ்லாட் காலை 8:30 எடுங்க, அதுதான் மொத ஸ்லாட், மத்தவங்களுக்கு அது சீக்கிரம், நமக்கு அது மத்தியானம் ரெண்டரை.

ரூம எங்க போடறதுன்னு ரொம்ப பேரு கேக்கறாங்க. தெர்மினிங்கற பெரிய ரயில் ஸ்டேஷனுக்கு ஒட்டியே போடறாங்க, வசதிதான், ஆனா நான் மோந்தி பக்கம் போடச் சொல்வேன், தெர்மினிக்கும் கொலோசியத்துக்கும் நடுவுல இருக்கு, ரெண்டுக்கும் நடந்தே போயிடலாம். செக்கின் பண்றப்போ ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் கேப்பாங்க, பயப்பட வேண்டாம், தங்கறவங்க விவரத்த போலீசுக்கு அனுப்பணும்னு அங்க சட்டம். அது போக ஊர் வரின்னு ஒண்ணு இருக்கு, ரோம்ல மூணு ஸ்டார் ஹோட்டலுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ, ரெண்டு பேரு மூணு ராத்திரின்னா 36 யூரோ, புக்கிங்ல கட்டிட்டோம்னு நெனச்சிக்கிட்டு போயி அங்க வாக்குவாதம் பண்ணாதீங்க.

ஃபியுமிச்சினோ ஏர்போட்ல எறங்கினதும் ரெண்டு வழி. லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயிலு ஆளுக்கு 14 யூரோ, 32 நிமிஷம், நேரா தெர்மினி. டாக்சின்னா வெள்ளை கலர் அதிகாரபூர்வ டாக்சி, ஸ்டாண்டுல வரிசையில நின்னு எடுங்க, பழைய நகரச் சுவருக்கு உள்ள எங்க போனாலும் 55 யூரோதான், அது வண்டிக்கு, ஆளுக்கு இல்ல, பெட்டிக்கும் தனியா கெடையாது. உள்ள வந்து "டாக்சி டாக்சி"ன்னு கூப்பிடறவங்க பின்னால போகாதீங்க. ரெண்டு பெரிய பெட்டி இருந்து ரூமு ஸ்டேஷன்லேர்ந்து தள்ளி இருந்தா நான் டாக்சியத்தான் சொல்வேன், ஏன்னா ரோம் ரோடு முழுக்க சின்னச் சின்ன கருங்கல்லு பதிச்சிருக்கு, சாம்பியெத்ரீனின்னு சொல்வாங்க, அதுல பெட்டிய இழுத்தா கடகடன்னு தெருவே திரும்பிப் பாக்கும், எங்க பெட்டி சக்கரம் ஒண்ணு அங்கயே கழண்டு போச்சி. அதே கல்லுல ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) போட்டுட்டும் நடக்காதீங்க, மொத நாளே பாதம் எரியும்.

ரயிலுன்னா ஒரு விஷயம். இந்த ஏர்போட் ரயிலு மாதிரி சீட் நம்பர் இல்லாத ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் எடுத்தீங்கன்னா ஏறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல இருக்கற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை குத்தணும், டிக்கெட் கையில இருந்தும் முத்திரை இல்லன்னா அபராதம். அப்புறம் டிக்கெட் மெஷின் கிட்ட யாராச்சும் சிரிச்சிக்கிட்டே வந்து உதவி பண்றேன்னு ஸ்க்ரீன தொட ஆரம்பிச்சா, "நோ, கிராத்ஸியே"ன்னு சொல்லி நிறுத்துங்க. எங்களுக்கு ஒருத்தரு அப்படித்தான் வந்தாரு, அவரு ஸ்டேஷன் ஆளுன்னே நெனச்சேன், முடிஞ்சதும் மிச்சக் காசுல 5 யூரோ எடுத்துக்கிட்டு போயிட்டாரு. என் வீட்டுக்காரரு அன்னைக்கு முழுக்க அத 25 வெள்ளி (நம்ம ரிங்கிட்) 25 வெள்ளின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அந்த வெள்ளிக் கணக்கும் ஒரு பெரிய விஷயம்லா. ஒரு யூரோவ கிட்டத்தட்ட 5 வெள்ளின்னு வச்சிக்கலாம், ஆனா ஒவ்வொரு கோப்பிக்கும் பெருக்கிக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. ஊர்லயே உக்காந்து ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிடுங்க, அங்க போனா யூரோவுல மட்டும் யோசிங்க. கார்டு ரெண்டு வேற வேற கார்டா, ஆளுக்கு ஒண்ணா, வேற வேற பையில இருக்கட்டும். ஏடிஎம்மோ கடையோ ரிங்கிட்லயா யூரோவுலயான்னு கேட்டா எப்பவும் யூரோதான் அமுக்கணும், ரிங்கிட்னு அமுக்கினா அவன் போடற ரேட்டுல நம்ம காசு போயிடும்.

இப்ப எறங்கின நாளு. மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு ரூமுக்கு வந்துட்டா குளிங்க, ஆனா படுக்காதீங்க. பக்கத்து சூப்பர்மார்க்கெட் போயிட்டு வாங்க, கோனாட், கோப், கார்ஃபூர் எதாச்சும் ஒண்ணு இருக்கும். தண்ணி, பழம், தயிரு, ரொட்டி, தக்காளி, கொஞ்சம் சீஸ் வாங்குங்க. பழத்த வெறுங்கையில தொடாதீங்க, பிளாஸ்டிக் கையுறை தொங்கும், அத மாட்டிக்கிட்டு எடுத்து, தராசுல வச்சி பழத்துக்குப் போட்டிருக்கற நம்பர அமுக்கினா ஸ்டிக்கர் வரும், அத ஒட்டிட்டுத்தான் கவுண்டருக்கு போகணும். அஞ்சு ஆறு மணிக்கு பீட்சா அல் தாலியோ கடை எங்கயாச்சும் தொறந்திருக்கும், தட்டுல பெரிசா சுட்டு வச்சிருப்பாங்க, எவ்வளவு வேணும்னு கையக் காட்டினா கத்திரிக்கோலால வெட்டி எடைபோட்டு குடுப்பாங்க, தாப்பாவ், அதாவது பார்சல் பண்ணிக்கிட்டு ரூமுக்கு வந்து நெத்திலி சம்பலோட சாப்பிட்டுட்டு எட்டரைக்கு படுத்துடுங்க. ஊருக்கு வந்துட்டு எட்டரைக்கு தூங்கறோமேன்னு மனசு அடிச்சிக்கும், அடிச்சிக்கட்டும்.

ரெண்டாம் நாளு விடியக்காத்தால நாலுக்கு முழிப்பு வரும். ரூம்ல கெட்டில் இருந்தா ஊர்லேர்ந்து கொண்டு போன தேத்தூள்ல பால் இல்லாத ஒரு தே ஓ போட்டு குடிங்க, நிதானமா பேசுங்க, பிள்ளைங்க அப்ப ஸ்கூல் லீவுல வீட்டுல இருப்பாங்க, அங்க காலை பத்து மணி, வீடியோ கால் போட இத விட நல்ல நேரம் கெடைக்காது. வெளிச்சம் வந்ததும் கெளம்புங்க, மே ஜூன்ல அஞ்சரைக்கெல்லாம் விடிஞ்சிடும். நேரா திரேவி ஃபவுண்டன்.

பகல்ல அந்த எடத்த நாங்க அப்புறமா ஒரு தடவ பாத்தோம், தைப்பூசத்துல பத்துமலை படிக்கட்டு மாதிரி தோளோட தோளு. ஆனா அன்னைக்கு காலையில அங்க இருந்தது நாங்க ரெண்டு பேரு, கூட்டற ஒருத்தரு, கல்யாண டிரெஸ் போட்ட ஒரு சீனப் பொண்ணும் அவங்க போட்டோகிராஃபரும், அவ்வளவுதான். தண்ணி சத்தம் முந்தின தெருவுலயே கேக்க ஆரம்பிச்சிடும். அங்க கல்லுத் திண்ணையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம், என் வீட்டுக்காரரு ராத்திரி நடந்ததுக்கு ஸாரி சொன்னாரு, நானும் சொன்னேன். எனக்கு இத்தாலின்னா இன்னைக்கும் அந்த ஒரு மணி நேரந்தான். அங்கேர்ந்து எங்க சுத்தினாலும் தெரு காலியாத்தான் இருக்கும், ஸ்பானிஷ் படிக்கட்டும் போலாம், ஆனா அதுல உக்காராதீங்க, 2019லேர்ந்து உக்காந்தா அபராதம், 400 யூரோ வரைக்கும் போடலாம்.

போற வழியில தெருவோரம் இரும்புத் தூண் மாதிரி ஒண்ணுலேர்ந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், அது நாசோனி, பெரிய மூக்குன்னு அர்த்தம், ரோம் முழுக்க சுமார் 2500 இருக்கு, 1870கள்லேர்ந்து ஓடுது, நல்ல குடிதண்ணி, ஜில்லுன்னு இருக்கும், காசு இல்ல. பாட்டில் பிடிக்கலாம், பாட்டில் இல்லன்னா வளைஞ்ச குழாயோட வாயை விரலால அடைச்சிட்டா மேல இருக்கற சின்ன ஓட்டை வழியா தண்ணி வளைஞ்சி வாய்க்கு நேரா வரும். ஆளுக்கு ஒரு பாட்டில் மட்டும் கொண்டு போங்க, ரோட்டுல தண்ணிக்கு காசே செலவாகாது.

ஆறு ஆறரைக்கு கோப்பிக் கடைங்க தொறப்பாங்க, அங்க அதுக்கு பேரு பார். உள்ள போனதும் "போன்ஜோர்னோ" சொல்லணும், நம்ம ஊர்ல வணக்கம் மாதிரிதான், சொன்னா மொகம் மாறிடும். நெறைய எடத்துல மொதல்ல கல்லாவுல காசு கட்டி ரசீது வாங்கி அத கவுண்டர்ல வச்சித்தான் கேக்கணும். நின்னு குடிச்சா ஒரு கோப்பி 1 யூரோ 20, 30 செண்ட் அந்த மாதிரி, உக்காந்தா வெல ஏறிடும், சுற்றுலா எடத்துல ரெண்டு மூணு மடங்கு. கஃபேன்னு கேட்டா ரெண்டு மடக்கு கட்டிக் கோப்பி வரும், நம்ம கோப்பி மாதிரி வேணும்னா கப்புச்சீனோ கேளுங்க, லாத்தேன்னு மட்டும் கேட்டா வெறும் பாலு. கூட ஒரு கொர்னெத்தோ, அதாவது க்ரோசான் மாதிரி ஒண்ணு. இதான் அவுங்க பசியாறது, இத வச்சி மத்தியானம் வரைக்கும் நமக்கு தாங்காது, அதனால ரூம்ல வாங்கி வச்ச ரொட்டியும் தயிரும் பையில போட்டுக்குங்க.

எட்டரைக்கு கொலோசியம். கி.பி. 80ல தொறந்த கட்டடம், இதப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. அதே டிக்கெட்ல பக்கத்துல இருக்கற ரோமன் ஃபோரமும் பலத்தீனோ மலையும் சேர்ந்திருக்கு, ரொம்ப பேரு களைச்சிப் போயி ஃபோரத்த விட்டுடறாங்க, விடாதீங்க, நம்ம ஆளுங்களுக்கு அங்க ஒரு எடம் இருக்கு. மாக்செந்தியுஸ் பசிலிக்கான்னு பெரிய பெரிய மூணு வளைவு நிக்கும், அதுக்கு அடியிலதான் ரோமாபுரியோட மிளகுக் கிட்டங்கி இருந்துச்சி, ஹோர்ரேயா பிப்பெராதாரியா. முதல் நூற்றாண்டு கடைசியில தொமீஷியன் ராஜா கட்டினது. தமிழ்ப்பள்ளியில படிச்சிருப்போம், யவனருங்க கப்பல்ல முசிறிக்கு வந்து தங்கத்தக் குடுத்துட்டு மிளகு ஏத்திக்கிட்டு போனாங்கன்னு, அந்த மிளகு வந்து எறங்கின எடம் இதுதான். நான் அந்த வளைவு முன்னாடி நிக்கறப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சி.

அப்புறம் பன்னெண்டரைக்கு அன்னைக்கே காச்சோ எ பெப்பே சாப்பிடுங்க, சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா, ரோமோட சொந்த சாப்பாடு.

சாப்பாட்டப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நம்மள்ல நெறைய பேரு மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், செவ்வா வெள்ளி சைவம் இருக்கறவங்க இருக்காங்க. மான்ட்ஸோன்னா மாடு, வித்தெல்லோன்னா கன்னுக்குட்டி, மையாலே பன்னி, பொல்லோ கோழி, அஞ்ஞெல்லோ ஆட்டுக்குட்டி, பெஷே மீனு. ராகுன்னு எழுதியிருந்தா கறிக் கொழம்பு, பெரும்பாலும் மாடும் பன்னியும். பொல்பெத்தே கறி உருண்டை, அதுவும் பெரும்பாலும் மாடுதான். கார்போனாரா, அமத்ரிச்சியானா ரெண்டுலயும் பன்னிக் கன்னத்துக் கறி இருக்கும். "நோன் மாஞ்ஜோ மான்ட்ஸோ"ன்னு சொன்னா நான் மாடு சாப்பிட மாட்டேன்னு அர்த்தம். சைவம்னா "செந்த்ஸா கார்னே", கறி இல்லாமன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க, சில பேரு ஹாம், அதாவது பன்னித் தொடைக் கறிய, கறின்னே நெனைக்க மாட்டாங்க, அதனால "செந்த்ஸா ப்ரொஷூட்டோ"ன்னும் சேர்த்துக்குங்க. பெப்பெரோனின்னு பீட்சாவுல இருந்தா அது குடமிளகா, கறி இல்ல, சைவக்காரங்க தாராளமா சாப்பிடலாம். ரொம்ப கட்டுப்பாடான சைவம்னா பார்மிஜானோ, பெக்கொரீனோ சீஸ் வேண்டாம், கன்னு, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற உறையில செய்யறது, காச்சோ எ பெப்பேயும் அதுலதான் சேரும். அவுங்களுக்கு மரினாரா பீட்சா, சீஸே கெடையாது, தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய் மட்டும். நாக்குக்கு காரம் கேட்டா ஆல்யோ ஓல்யோ எ பெப்பெரோன்சீனோ, பூண்டும் காஞ்ச மொளகாயும், அத சாப்பிட்டப்பறம்தான் என் வீட்டுக்காரரு மொகத்துல சிரிப்பே வந்துச்சி.

பில்லுல ரொட்டிக்குன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ சேர்ந்து வரும், அது ஏமாத்து இல்ல, மெனு அடியில சின்னதா எழுதியிருப்பாங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல. சோறு இல்லாம முடியலன்னா தெர்மினிக்கு பக்கத்துல பியாஸ்ஸா வித்தோரியோ சுத்தி இந்தியா, பங்களாதேஷ் கடைங்க இருக்கு, எஸ்குயிலினோ மார்க்கெட்ல அரிசி, பச்ச மொளகா, கொத்தமல்லி எல்லாம் கெடைக்கும்.

சாப்பிட்டு ரெண்டு மணிக்கு ரூமுக்கு வந்துடுங்க. ஒரு மணி நேரம், அலாரம் வச்சி, தூங்கலாம். நாலுக்கு எழுந்து பாந்தியோன்ங்கற பழைய ரோமானியக் கோயில் பக்கம் போலாம், 2023 ஜூலையிலேர்ந்து 5 யூரோ டிக்கெட் போட்டுட்டாங்க, கூரை நடுவுல ஒம்பது மீட்டர் அகலத்துக்கு ஓட்டை தொறந்தே இருக்கு, மழை பேஞ்சா உள்ளயே பெய்யும், தரையில தண்ணி போக ஓட்டை வச்சிருக்காங்க. ஜெலாத்தோ ஒண்ணு வாங்கிக்கிட்டு நடங்க. ஏழுக்கு மேல எந்த முக்கியமான பேச்சும் வேண்டாம், பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன், எதுவும்.

மூணாம் நாளு வத்திக்கான். ஞாயித்துக்கிழமை மியூசியம் மூடியிருக்கும், மாசக் கடைசி ஞாயிறு மட்டும் தொறந்து இலவசமா விடுவாங்க, அன்னைக்கு கூட்டம் தாங்காது. நமக்கு காலையில தூக்கம் வராதுங்கறத இங்கயும் பயன்படுத்திக்கலாம், சான் பியெத்ரோ பெரிய கோயில் ஏழு மணிக்கு தொறக்கும், இலவசம், அந்த நேரத்துக்கு வரிசை சின்னதா இருக்கும், ஒம்பதுக்கு மேல மைதானம் முழுக்க சுத்தி நிக்கும். தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஆம்பளைங்களும் ஷார்ட்ஸ் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. நான் ஒரு துப்பட்டாவ எப்பவும் பையிலயே வச்சிருந்தேன், வெயிலுக்கும் ஆச்சி.

வத்திக்கானுக்கு போற 64ம் நம்பர் பஸ்சும் மெட்ரோ ஏ லைனும் ஜேப்படிக்கு பேரு போனது. கதவு மூடற நேரத்துல நாலஞ்சு பேரு ஒண்ணா நெருக்கி ஏறினா எறங்கிடுங்க, அடுத்தது வரும். போன் பின் பாக்கெட்ல வேண்டாம். இதுல ஜோடியா போறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், ஒருத்தர் வழி பாக்கணும், இன்னொருத்தர் பை பாக்கணும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போன்ல மேப்ப பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. நாங்க அர நாளைக்கு ஒரு தடவ மாத்திக்குவோம். வழி பாக்கறவங்க தப்பா கூட்டிக்கிட்டு போனா மத்தவங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

பாத்ரூம் பத்தியும் சொல்லணும், கேக்க கூச்சப்பட்டு நெறைய பேரு கஷ்டப்படறாங்க. நம்ம ஊரு பைப் அங்க இருக்காது, ஆனா தங்கற ரூம்ல பெரும்பாலும் பிடே, அதாவது உக்காந்து கழுவற தொட்டி இருக்கும், வீடுங்கள்ல அது இருக்கணும்னு 1975லயே சட்டம் போட்டுட்டாங்க. வெளிய போறப்போ ஒரு சின்ன காலி பாட்டில், டிஷ்யூ. ரோட்டுல அவசரம்னா எதாச்சும் ஒரு பார்ல ஒரு கோப்பி வாங்கிட்டு கேளுங்க, "இல் பாஞ்ஞோ?"

நாலாம் நாளு ஃபிளாரன்ஸ் கெளம்பலாம், ஃப்ரெச்சாரோஸ்ஸா இல்லன்னா இத்தாலோ ரயிலு, ஒண்ணரை மணி நேரம், நம்ம ஊரு ஈடிஎஸ் ரயில விட வேகம். முன்கூட்டியே வாங்கினா வெல கொறச்சல், ஆனா ரொம்ப மலிவான டிக்கெட்ட மாத்த முடியாது, அதனால வாங்கறதுக்கு முன்னாடி அந்த நாள்ல ஸ்திரைக், அதாவது வேலைநிறுத்தம் இருக்கான்னு "ஷோப்பெரோ"ன்னு தேடிப் பாருங்க. போர்டுல "பின்"னு போட்டிருக்கறது பிளாட்ஃபாரம் நம்பர், அது வண்டி கெளம்ப பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கறப்போதான் வரும், அது வரைக்கும் பெட்டிய கையில பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் போர்டு கீழயே நில்லுங்க. அன்னைக்கு ராத்திரி ஃபிளாரன்ஸ்ல நாங்க எட்டு மணிக்கு உக்காந்து சாப்பிட்டோம், பத்து மணி வரைக்கும் தூக்கமே வரல.